பள்ளிப் பேருந்தா, வேனா, ஆட்டோவா, பக்கத்து வீட்டுக் காரா: பிள்ளையை எதில் அனுப்புவது?

மே மாதம் வந்தால் பெற்றோர் பலருக்கும் இதே குழப்பம். பள்ளி ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பள்ளிப் பேருந்துக் கட்டணம் கையைக் கடிக்கிறது. வேன்காரர் அதைவிடக் குறைவாகக் கேட்கிறார், தெருமுனை ஆட்டோ அண்ணன் இன்னும் குறைவாக. இதற்கிடையே அதே குடியிருப்பில் இரண்டு வீட்டார், "மூணு வீட்டுப் பிள்ளைங்களும் ஒரே ஸ்கூல்தானே, முறை வச்சு நம்ம கார்லயே கொண்டுபோய் விட்டுடலாமே" என்கிறார்கள்.

சுருக்கமான பதில் இது: பிள்ளைக்கு ஒரு பெல்ட், ஃபுல் இன்சூரன்ஸ், எல்லாருக்கும் தெரிந்த ஒரு மாற்று ஓட்டுநர் ஆகிய மூன்றும் கூடிவந்தால் பக்கத்து வீட்டுக் கார் நல்ல ஏற்பாடு. மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் பள்ளிப் பேருந்தே மேல். வேனும் ஆட்டோவும் அதற்குப் பிறகுதான். ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலாவது, மோதல் நேர்ந்தால் பிள்ளையின் உடலை எது பிடித்து நிறுத்தும் என்பது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் கார் மோதி, முன்பக்கம் அரை மீட்டர் நசுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோ பிள்ளையைப் பிடித்து நிறுத்த, அந்தக் கணத்தில் சராசரியாக 250 கிலோ சுமையைத் தாங்கும் பிடி வேண்டும். எந்தத் தாயின் கையிலும் அந்தப் பிடி கிடையாது. மடியில் உட்காரவைத்தால் போதும் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இரண்டாவது, ஏறி இறங்கும் இடம். பள்ளி வாகனங்களைப் பொறுத்தவரை வண்டி ஓடும்போது மட்டுமல்ல, அது நின்று, பிள்ளை இறங்கி, வண்டி மறுபடி நகரும் அந்த ஒரு நிமிடத்திலும் உயிர் போகிறது.

மூன்றாவது, பிள்ளை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறும் இடம். வீட்டு வாசலில் அம்மா விட்டாள், பள்ளி வாசலில் ஆசிரியர் சேர்த்துக்கொண்டார். இடையில் தலையை எண்ணியது யார்? ஓட்டுநர் வராத நாளில் யார் வருவார் என்பதும் இதே கேள்விதான்.

அதன்பிறகு பர்மிட், எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), இன்சூரன்ஸ். நேரமும் பணமும் கடைசியில்.

## பள்ளிப் பேருந்து

2012 ஜூலை 25 அன்று தாம்பரம் அருகே முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி கீழே விழுந்து இறந்தாள். சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து அந்த வழக்கை எடுத்தது. தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனிச் சிறப்பு விதிகள் வந்தது அந்த ஆண்டில்தான். மஞ்சள் வண்ணம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, அவசர வழி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள உதவியாளர் எல்லாம் கட்டாயம். ஒவ்வொரு மே மாதமும் பள்ளி திறக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தார் மைதானத்தில் வரிசையாக நிறுத்திச் சோதிப்பது இந்த விதிகளின்படிதான். 2022 மார்ச்சில் சென்னை ஆழ்வார்திருநகரில் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வேனில் அடிபட்டு ஒரு சிறுவன் இறந்த பிறகு, முன்னும் பின்னும் கேமராவும் சென்சாரும் கட்டாயமாயின.

பெல்ட் இல்லாத பேருந்தை எப்படி மேல் என்கிறோம்? பேருந்தின் எடையும் உயரமும்தான் காரணம். கார் மோதினாலும் பைக் மோதினாலும் அதன் தாக்கம் உள்ளே இருக்கும் பிள்ளைக்கு மிகக் குறைவாகவே வந்து சேரும். ஆபத்து பேருந்துக்கு வெளியே இருக்கிறது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால், பம்பருக்கு நேர் முன்னால் நிற்கும் ஐந்து வயதுப் பிள்ளை தெரியாது. பின்சக்கரத்தை ஒட்டி நிற்பதும் தெரியாது. வாட்டர் பாட்டில் உருண்டு வண்டிக்கு அடியில் போனால் பிள்ளை குனிந்து எடுக்கப் போகும். ஐடி கார்டுக் கயிறும் பையின் தொங்கும் பட்டையும் கதவில் மாட்டும். ஆகவே பிள்ளைக்கு ஒரே விதி: இறங்கினால் பத்தடி தள்ளி ஓரமாகப் போய் நிற்பது, எது விழுந்தாலும் எடுக்கப் போகாமல் ஆயாவிடம் சொல்வது, பேருந்து கிளம்பிப் போகும்வரை ரோட்டைக் கடக்காமல் இருப்பது. ஸ்டாப் எதிர்ப்பக்கம் என்றால் பெரியவர் ஒருவர் அங்கே நின்றே ஆக வேண்டும். "தினமும் தானே கடந்து வந்துருவான்" என்பது எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பொருந்தாது. வரும் வண்டியின் வேகத்தை அந்த வயதில் சரியாகக் கணிக்க முடியாது.

மறைசெலவு நேரம்தான். கடைசி ஸ்டாப் வீடென்றால், ஆறு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் ஆகும். யு.கே.ஜி. பிள்ளை மாலையில் பேருந்திலேயே தூங்கிவிடும். எல்லாரும் இறங்கியதும் ஒவ்வொரு இருக்கையாக, இருக்கைக்கு அடியிலும், பார்த்துவிட்டுத்தான் ஓட்டுநர் வண்டியைப் பூட்டுகிறாரா என்று பள்ளியில் கேளுங்கள்.

## தனியார் வேன்

முதலில் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து என்றால் வாடகை வண்டி. வெள்ளைப் பிளேட் என்றால் சொந்தப் பயன்பாட்டு வண்டி. அதில் மாதக் கட்டணம் வாங்கிப் பிள்ளைகளை ஏற்றுவது பர்மிட் இல்லாத ஓட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 192ஏ பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. உங்கள் கவலை அவருடைய அபராதம் பற்றியது அல்ல. விபத்து நடந்தால், "வாடகைக்கு ஓட்டியிருக்கிறார்" என்று இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரிக்கும்.

எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ் எதுவரை செல்லும் என்று தெரியும். எட்டு ஆண்டு தாண்டிய வாடகை வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். பிறகு நேரில் பார்க்க வேண்டியவை:

- பின்பக்கம் இருக்கைகளை எடுத்துவிட்டு எதிரெதிராக நீளப் பலகை போட்டிருந்தால் வேண்டாம். பக்கவாட்டில் உட்காரும் பிள்ளைக்குப் பிடிமானமே இல்லை.
- கேஸ் வண்டி என்றால், ஆர்.சி.யில் (வண்டியின் பதிவுச் சான்றில்) அந்த எரிபொருள் பதிவாகியிருக்க வேண்டும். வீட்டுச் சிலிண்டர் உள்ளே இருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.
- நகர்த்தும் கதவு முழுதாகப் பூட்டுகிறதா என்று நீங்களே ஒருமுறை இழுத்துச் சாத்திப் பாருங்கள். பாதி மாட்டிய கதவு திருப்பத்தில் திறந்துகொள்ளும்.
- ஆர்.சி.யில் எத்தனை இருக்கை, காலை 7:30 மணிக்கு உள்ளே எத்தனை தலை? மதியம் போய்ப் பார்த்தால் தெரியாது.

போகும் வழியையும் கேளுங்கள். 2025 ஜூலை 8 அன்று கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளி வேன்மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். வழியில் லெவல் கிராசிங் இருந்தால், கேட் திறந்திருந்தாலும் நின்று, இரு பக்கமும் பார்த்துவிட்டே கடக்க வேண்டும் என்று ஓட்டுநரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால் கோபித்துக்கொள்ளும் ஓட்டுநரை மாற்றுவது நல்லது.

பலர் கவனிக்காத ஒன்று, இரண்டு டிரிப். ஒரே வேன் காலையில் இரண்டு முறை ஓடினால், முதல் டிரிப் பிள்ளைகள் பள்ளி வாசலில் 7:40க்கே இறங்கிவிடுவார்கள். ஆசிரியர் 8:15க்கு வருவார். அந்த 35 நிமிடம் யார் பொறுப்பிலும் இல்லை. உங்கள் பிள்ளை எந்த டிரிப் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். முதலில் ஏறிக் கடைசியில் இறங்கும் பிள்ளை தினமும் சில நிமிடம் ஓட்டுநரோடு தனியாக இருக்கும். ஆயா இல்லாத வேனில் இந்த வரிசையை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ஆயா இருக்கிறார், ஆர்.சி.க்கு உட்பட்ட எண்ணிக்கைதான், ஒரே டிரிப் என்றால், பள்ளிப் பேருந்து வராத பகுதிக்கு வேன் சரியான தேர்வே.

## ஆட்டோ

ஆட்டோ மூன்று பேர் உட்காரச் செய்த வண்டி. முன்னே ஒற்றைச் சக்கரம். எட்டுப் பிள்ளைகளும் எட்டுப் பைகளும் ஏறினால் திருப்பத்தில் ஒரு பக்கச் சக்கரம் எழும்பும். பைகளை வெளியே கொக்கியில் தொங்கவிடுவதால் அகலம் கூடி, பக்கத்தில் போகும் பைக்கில் பை மாட்டுகிறது. ஓட்டுநரின் இருக்கையில் பிள்ளை ஒட்டி உட்கார்ந்தால் ஹேண்டிலைத் திருப்ப அவருக்கு இடம் போதாது.

மூன்று கிலோமீட்டருக்குள், குறுகலான தெருக்கள் வழியாக, பேருந்து நுழைய முடியாத பேட்டைக்கு, தெருவுக்கே தெரிந்த ஓட்டுநர் என்றால் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வலப்பக்கம் கம்பியோ வலையோ போட்டு அடைத்திருக்க வேண்டும். ஓட்டுநருக்குப் பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது. மெயின் ரோடோ பைபாஸோ குறுக்கிட்டால் விட்டுவிடுங்கள்.

## பக்கத்து வீட்டுக் கார், முறை வைத்து

இதில்தான் பிள்ளைக்குச் சொந்தமாக ஒரு பெல்ட் கிடைக்கிறது. ஓட்டுவது பெயரும் முகமும் தெரிந்த பெற்றோர். அதே காரணத்தாலேயே யாரும் யாரையும் சோதிப்பதில்லை. வேன்காரரிடம் ஆர்.சி. கேட்கும் நாம், எதிர்வீட்டு அக்காவிடம் "உங்க இன்சூரன்ஸ் எதுவரைக்கும்?" என்று கேட்கக் கூச்சப்படுகிறோம். முதல் நாளே மூன்று வீட்டாரும் ஒன்றாக உட்கார்ந்து, தங்கள் தங்கள் காகிதங்களை மேசைமேல் வைத்துவிட்டால் அந்தக் கூச்சம் தீரும்.

எத்தனை பெல்ட்டோ அத்தனை பிள்ளை. ஐந்து இருக்கைக் காரில் பின்னால் மூன்று பேர். முன் இருக்கை, ஏர்பேக் இருப்பதால், 12 வயதுக்குக் கீழே வேண்டாம். ஆகவே மூன்று வீட்டில் நான்கு பிள்ளைகள் என்றால் இந்த ஏற்பாடு தொடக்கத்திலேயே சரிப்படாது. ஒரு பெல்ட்டில் இருவரை மாட்டினால் மோதலில் ஒருவர் தலை மற்றவர் தலையில் இடிக்கும். 14 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு பெல்ட்டோ குழந்தை இருக்கையோ போடாமல் ஓட்டினால் 194பி பிரிவின்படி 1,000 ரூபாய் அபராதமும் உண்டு.

அடுத்து பூஸ்டர் சீட், அதாவது கார் இருக்கைமேல் வைத்துப் பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் துணை இருக்கை. பெரியவர்களுக்கான பெல்ட் சுமார் 145 செ.மீ. உயரத்துக்குக் கீழே உள்ள பிள்ளைக்குச் சரியாக உட்காராது. மேல்பட்டை கழுத்தை அறுக்கும். பிள்ளை அதை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிடும். கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறும். மோதலில் குடலும் முதுகெலும்பும் அடிபடுவது இப்படித்தான். பூஸ்டர் பிள்ளையை உயர்த்தி, கீழ்ப்பட்டையைத் தொடையின் மேற்பகுதியிலும் மேல்பட்டையைத் தோளின் நடுவிலும் கொண்டுவந்து நிறுத்துகிறது. பூஸ்டர் இல்லாமல் உட்காரவைக்கலாமா என்று அறிய: முதுகு சாய்மானத்தில் ஒட்டியிருக்க, முழங்கால் இருக்கை விளிம்பில் மடங்க வேண்டும். மடங்காமல் கால் நீட்டிக்கொண்டிருந்தால் பூஸ்டர் இன்னும் தேவை.

இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. சிறிய ஹேட்ச்பேக் காரின் பின் இருக்கையில் மூன்று பூஸ்டர் பக்கத்தில் பக்கத்தில் வைக்க இடம் பற்றாது. வைத்தாலும் பெல்ட் மாட்டும் கொக்கி பூஸ்டருக்கு அடியில் புதைந்துபோகும். காலை 7:50 மணிக்கு, பின்னால் ஹாரன் அடிக்கும்போது, "இன்னிக்கு ஒரு நாள் விடு" என்று தோன்றும். அந்த ஒரு நாள் மறுநாளும் வரும். ஞாயிற்றுக்கிழமை மூன்று பிள்ளைகளையும் சீருடையோடு உட்காரவைத்து, அவர்களே மாட்டிக் கழற்ற முடிகிறதா என்று எல்லாக் கார்களிலும் பார்த்துவிடுங்கள். ஒரு காரில் இரண்டு பிள்ளைக்குத்தான் இடம் என்று தெரிந்தால், அந்த எண்ணிக்கைக்கே திட்டம் போடுங்கள். பழைய கார்களில் நடு இருக்கைக்கு இடுப்புப் பட்டை மட்டும் இருக்கும். பூஸ்டருக்கு அது ஆகாது.

இன்சூரன்ஸ். தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் உள்ள காரில், இலவசமாக ஏறி வரும் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அடிபட்டால், அந்தப் பாலிசி பொதுவாகக் கைகொடுக்காது. நாம் ஃபுல் இன்சூரன்ஸ் என்று சொல்லும் பேக்கேஜ் பாலிசிதான் காருக்குள் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளும். கார் உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பு அவருக்கு மட்டுமே; பயணிகளுக்கான விபத்துக் காப்பைத் தனியே கேட்டுச் சேர்க்க வேண்டும். மூன்று காரில் ஒன்றுக்குப் பேக்கேஜ் இல்லையென்றால், அந்தக் காரை முறையிலிருந்து எடுத்துவிட்டு, அந்த வீட்டார் வேறு பொறுப்பை ஏற்கட்டும்.

பணம் கைமாறாமல், முறை மாறி ஓட்டுவதே பாதுகாப்பு. ஒருவரே தினமும் ஓட்டி மற்றவர்கள் மாதம் தொகை கொடுத்தால், வெள்ளைப் பிளேட் வேனுக்குச் சொன்ன சிக்கல் இங்கேயும் தலைதூக்கும். 6 கி.மீ. தூரம், காலையும் மாலையும் போய்த் திரும்பினால் ஒரு நாளைக்கு 24 கி.மீ.; லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் காருக்கு 1.6 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால், 22 நாளுக்கு 3,520 ரூபாய். மூன்று வீட்டார் சமமாக ஓட்டினால் வீட்டுக்கு 1,175 ரூபாய்போல ஆகும். பூஸ்டர் வாங்குவது இதற்கு மேல்.

கைமாறும் இடம். பள்ளியில் ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் நேராக, அழைத்துச் செல்ல அனுமதி உள்ளவர்களின் பெயரும் படமும் எழுத்துமூலம் இருக்க வேண்டும். மூன்று வீட்டாருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு. அதில் "ஓகே" என்று போடாதீர்கள், எண்ணிக்கையைப் போடுங்கள்: "7:42, மூணு பேர் ஏறியாச்சு", "8:05, மூணு பேரும் உள்ளே போயாச்சு". பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் காலை 7 மணிக்குள் சொல்ல வேண்டும். மாலையில் சொல்ல மறந்ததால், வராத பிள்ளைக்காக மற்ற இரண்டு பேரையும் காரில் உட்காரவைத்துவிட்டு உள்ளே தேடப் போவது நடக்கிறது. வெயிலில் நிறுத்திய காரில் பிள்ளைகளை விட்டுப் போகாதீர்கள், சாவியோடும் சரி, சாவி இல்லாமலும் சரி. தேட வேண்டுமானால் எல்லாரையும் இறக்கிக் கூட்டிக்கொண்டு போங்கள்.

ஓட்டும் முறைக்காரருக்குத் திடீரென்று முடியாமல் போனால் யார் வருவார்? தாத்தாவா, அலுவலக டிரைவரா? பிள்ளைகள் முன்பே பார்த்துப் பழகிய ஒருவர் பெயரை முதல் நாளே முடிவு செய்யுங்கள். அவரைத் தவிர யார் வந்து "அம்மா அனுப்பினாங்க" என்றாலும், மூன்று வீட்டார் மட்டும் அறிந்த ஒரு ரகசியச் சொல்லைச் சொன்னால்தான் ஏற வேண்டும். ப்ளஸ் ஒன் படிக்கும் அண்ணன் ஸ்கூட்டரில் போய்க் கூட்டி வருவது மாற்று ஏற்பாடே அல்ல. லைசென்ஸ் இல்லாத சிறுவர் ஓட்டினால் 199ஏ பிரிவின்படி பெற்றோருக்கு அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு.

இறங்கும்போது. பின்கதவு இரண்டிலும் சைல்டு லாக் போடுங்கள். கதவு விளிம்பில் சின்ன நெம்பு இருக்கும். அப்போது உள்ளிருந்து யாரும் திறக்க முடியாது. இடப்பக்கம் ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஓட்டியவரே இறங்கி வந்து இடப்பக்கக் கதவைத் திறக்க வேண்டும். வலப்பக்கக் கதவைப் பிள்ளை திறந்தால் பின்னால் வரும் பைக் நேராக மோதும். பைகள் மடியில் வேண்டாம், டிக்கியில். ரிவர்ஸ் எடுக்கும் முன் காரைச் சுற்றி ஒரு நடை.

மழைக்காலத்துக்கு ஒரு முடிவு முன்கூட்டியே வேண்டும். சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் அன்று அந்த வழி கிடையாது. பள்ளியில் பிள்ளைகள் காத்திருப்பார்கள், யாரும் கோபிக்க மாட்டார்கள் என்று மூன்று வீட்டாரும் ஒப்புக்கொண்டிருந்தால், ஓட்டுபவர் தண்ணீருக்குள் துணிந்து இறங்க மாட்டார்.

மூன்று பிள்ளைகளின் ரத்த வகை, ஒவ்வாமை, இழுப்பு உள்ள பிள்ளைக்கு இன்ஹேலர் எந்தப் பையில், இரண்டு தொலைபேசி எண்கள்: இவற்றை ஒரு அட்டையில் எழுதி எல்லாக் கார்களிலும் வையுங்கள். 108 (ஆம்புலன்ஸ்), 1098 (குழந்தைகள் உதவி எண்) இரண்டும் பிள்ளைகளுக்கு மனப்பாடமாக இருக்கட்டும். தெரிந்த வீட்டார்தான் என்பதால் பிள்ளையிடம் கேட்காமல் இருக்காதீர்கள். "கார்ல இன்னிக்கு யார் பக்கத்துல உக்காந்த, என்ன பேசினீங்க?" என்று தினமும் கேட்கும் வீட்டில், சங்கடமான எதையும் பிள்ளை சொல்ல வழி இருக்கும்.

இந்த ஏற்பாடு உடைவது பெரும்பாலும் தேர்வுக் காலத்தில். ஒருவருக்கு அரைநாள், மற்றவருக்கு முழுநாள். யாரோ ஒருவர் கூடுதலாக ஓட்டிச் சலித்துப்போவார். சலிப்பும் தாமதமும் சேர்ந்தால் வேகம் கூடும். மாத ஆரம்பத்தில் அட்டவணை போட்டு, தேர்வு நாட்களுக்கு அவரவர் பிள்ளையை அவரவர் என்று ஒதுக்கிவிடுங்கள். கிளம்பும் நேரத்தில் பத்து நிமிடம் கூடுதலாக வையுங்கள்.

## இரண்டு சக்கர வண்டி

ஒரு பிள்ளை, ஒரு பெரியவர், இருவருக்கும் ஹெல்மெட். நான்கு வயதுக்கு மேல் ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம். ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையிலான பிள்ளைக்கு, 2023 பிப்ரவரி 15 முதல், ஓட்டுபவரோடு பிணைக்கும் பட்டையும் ஹெல்மெட்டும் தேவை, வேகம் 40 கி.மீ.க்கு மேல் கூடாது. ஸ்கூட்டரின் முன்னால் பிள்ளையை நிற்கவைத்தால், பிரேக் அடிக்கும்போது அதன் முகம் நேராக ஹேண்டிலில் இடிக்கும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பள்ளிப் பேருந்து | வேன் | ஆட்டோ | முறை வைத்த கார் |
|---|---|---|---|---|
| மோதலில் பிடிமானம் | வண்டியின் எடை | குறைவு | இல்லை | பெல்ட், பூஸ்டர் |
| அதிக ஆபத்து எங்கே | இறங்கிய பின் | கதவு, நெரிசல் | ஓடும்போது | வலப்பக்கக் கதவு, ரிவர்ஸ் |
| தலையை எண்ணுவது | ஆயா | ஆயா இருந்தால் மட்டும் | ஓட்டுநர் | ஓட்டும் பெற்றோர் |
| மறைசெலவு | நேரம் | முதல் டிரிப் காத்திருப்பு | ஆட்டோ வராத நாள் | பூஸ்டர், இன்சூரன்ஸ், தேர்வு நாட்கள் |

## எந்த வீட்டுக்கு எது

பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய், முறைக்கு நிற்க ஆளில்லை என்றால் பள்ளிப் பேருந்து. ஸ்டாப்பில் நிற்கப் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் அதன் பெரிய குறையும் தீர்ந்தது. மூன்று பிள்ளைகள், ஒரே நேரம், மூன்று கார்களுக்கும் பேக்கேஜ் பாலிசி என்றால் முறை வைத்த கார். நான்காவது வீட்டார் "எங்க பொண்ணையும் சேர்த்துக்கோங்க, சின்னப் பொண்ணுதான், நடுவுல உக்காந்துக்குவா" என்று கேட்டால், பெல்ட் இல்லை என்று சொல்லிவிடுங்கள். கூடவே, அவர்கள் காரையும் சேர்த்து இரண்டு இரண்டு பிள்ளையாக இரண்டு காரில் போகலாமா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

எதைத் தேர்ந்தாலும் முதல் வாரம் ஒரு நாள் சொல்லாமல் போய்ப் பள்ளி வாசலில் நின்று, உங்கள் பிள்ளை எந்தக் கதவு வழியாக இறங்குகிறது, இறங்கியதும் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.